புதிதாகப் பட்டியலாகும் தொழில்நுட்பப் பங்கை வாங்கலாமா? சிறு முதலீட்டாளருக்கான முழுமையான வழிகாட்டி

2020 செப்டம்பர் 16 அன்று ஸ்னோஃப்ளேக் பங்கு நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஐபிஓவில், அதாவது நிறுவனம் முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதில், விலை 120 டாலர். முதல் வர்த்தகம் நடந்ததோ 245 டாலரில். மாலையில் 253.93 டாலரில் முடிந்தபோது நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 7,000 கோடி டாலர். அதற்கு முந்தைய நிதியாண்டில் அதன் வருவாய் 26.5 கோடி டாலர். அடுத்த மூன்று நிதியாண்டுகளில் அந்த வருவாய் ஏறக்குறைய எட்டு மடங்காகி 200 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு வேகமாக வளர்ந்த பிறகும், 2023 ஜனவரி முடிவில் பங்கின் விலை 200 டாலருக்குக் கீழேதான் இருந்தது.

நிறுவனம் வளர்ந்தது, முதல் நாள் சந்தையில் வாங்கியவர் நஷ்டப்பட்டார். "நல்ல நிறுவனமா?" என்பது ஒரு கேள்வி. "இந்த விலையில், இந்த நாளில் நான் வாங்கலாமா?" என்பது வேறு கேள்வி. சிறு முதலீட்டாளர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் முதல் கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்துவிட்டு, இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுவதால்தான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்கானவை. பெரிய தொழில்நுட்ப ஐபிஓக்கள் அதிகம் நடப்பது அமெரிக்கச் சந்தையில் என்பதால் உதாரணங்களும் விதிகளும் அங்கிருந்தே வருகின்றன. வேறு நாட்டுச் சந்தையில் வாங்குபவர்கள் நாள் கணக்குகளை அந்தச் சந்தையின் விதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: உங்களுக்குக் கிடைக்கப்போவது எந்த விலை?

புதுப் பங்குக்கு இரண்டு விலைகள் உண்டு. பட்டியலாவதற்கு முந்தைய இரவு முதலீட்டு வங்கிகளும் நிறுவனமும் சேர்ந்து முடிவு செய்யும் ஐபிஓ விலை ஒன்று. மறுநாள் சந்தையில் நடக்கும் முதல் வர்த்தகத்தின் விலை இன்னொன்று. செய்திகளில் "முதல் நாளே 100 சதவீத லாபம்" என்று வந்தால், அது முதல் விலையில் ஒதுக்கீடு பெற்றவர்களின் லாபம். அவர்களில் பெரும்பாலோர் பெரிய நிதி நிறுவனங்கள்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ரிட்டர் அமெரிக்க ஐபிஓக்களின் கணக்கை 1980-லிருந்து தொகுத்து வைத்திருக்கிறார். முதல் நாள் சராசரி ஏற்றம் சுமார் 18 சதவீதம். அந்த முதல் நாள் முடிவு விலையில் வாங்கி மூன்று ஆண்டுகள் வைத்திருந்தவர்களோ, சராசரியாகச் சந்தையைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 10 கோடி டாலருக்குக் குறைவாக இருந்தபோதே பட்டியலான நிறுவனங்களில் இந்தப் பின்னடைவு அதிகம்.

உங்கள் தரகர் ஐபிஓ விலையிலேயே ஒதுக்கீடு தருகிறார் என்றால் அது நல்ல வாய்ப்புதான். ஆனால் எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் போட்டி போடும் பங்கில் சிறு முதலீட்டாளருக்கு நாலைந்து பங்கு கிடைத்தாலே பெரிது. கேட்ட அத்தனையும் கேள்வியில்லாமல் கிடைத்தால், உங்களைவிட விவரம் தெரிந்த பெரிய கைகள் அதை ஒதுக்கிவிட்டன என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இன்னொரு விஷயம்: ஐபிஓ ஒதுக்கீட்டை 30 நாளுக்குள் விற்றால், அடுத்தடுத்த ஐபிஓக்களில் சில தரகர்கள் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

ஒதுக்கீடு இல்லாமல் முதல் நாள் சந்தையில் வாங்குவதாக இருந்தால், மார்க்கெட் ஆர்டர், அதாவது 'எந்த விலையானாலும் வாங்கு' என்ற ஆர்டர், போடவே கூடாது. முந்தைய விலை என்று ஒன்று இல்லாத பங்கு அது. உங்கள் ஆர்டர் எந்த விலையில் நிறைவேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபிக்மா 2025 ஜூலை 31 அன்று 33 டாலர் ஐபிஓ விலையோடு வந்து 85-ல் தொடங்கி, 115.50-ல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 50 டாலருக்குக் கீழே வந்தது. லிமிட் ஆர்டர், அதாவது 'இந்த விலைக்கு மேல் வேண்டாம்' என்ற ஆர்டர், போட்டவர் தான் எழுதிய விலைக்கு மேல் ஒரு சென்ட்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

பங்குக் குறியீட்டையும் ஒரு முறை சரிபாருங்கள். 2019-ல் ஸூம் வீடியோ நிறுவனம் பட்டியலானபோது அதன் குறியீடு 'இஸட்எம்'. 'ஸூம்' என்ற குறியீடு ஏற்கெனவே வேறொரு சிறு நிறுவனத்திடம் இருந்தது. பலர் அதைத் தவறுதலாக வாங்கியதில் அந்தச் சம்பந்தமில்லாத பங்கு தாறுமாறாக ஏறியது.

படி 2: தகவல் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

அமெரிக்காவில் பட்டியலாக விரும்பும் நிறுவனம் எஸ்-1 என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கும். திருத்தங்கள் எஸ்-1/ஏ என்று வரும். விலை முடிவானபின் வரும் இறுதி அறிக்கை 424பி4. நீங்கள் கணக்குப் போட வேண்டியது இந்தக் கடைசி ஆவணத்தை வைத்துத்தான், ஏனென்றால் பங்கு எண்ணிக்கையும் விலையும் அதில்தான் முழுமையாக இருக்கும்.

200, 300 பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், முதல் பகுதி பெரும்பாலும் நிறுவனத்தின் சுயவிளம்பரம். வண்ணப் படங்கள், நிறுவனரின் கடிதம், "எங்கள் சந்தை இத்தனை லட்சம் கோடி" என்ற மதிப்பீடு ஆகியவற்றைத் தாண்டிப் போகலாம். நேராக "The Offering" (பங்கு வெளியீடு) என்ற பக்கத்துக்குப் போங்கள். ஐபிஓவுக்குப் பிறகு இத்தனை பங்குகள் இருக்கும் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே சிறு புள்ளிகளாக, அந்த எண்ணிக்கையில் *சேர்க்கப்படாதவை* வரிசையாக இருக்கும்: ஊழியர்களுக்குக் கொடுத்த ஆப்ஷன்கள் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை), அவற்றின் சராசரி விலை, ஆர்எஸ்யூ எனப்படும் இன்னும் கைக்கு வராத பங்குகள், எதிர்காலத் திட்டங்களுக்கு ஒதுக்கியவை. முழு ஆவணத்திலும் மிகவும் பயனுள்ள அரைப் பக்கம் இது. படி 4-ல் இது தேவைப்படும்.

அடுத்து, யார் விற்கிறார்கள் என்ற அட்டவணை. ஐபிஓ பணம் நிறுவனத்துக்குப் போகிறதா, பழைய முதலீட்டாளர்களின் கைக்குப் போகிறதா? பழையவர்கள் கொஞ்சம் விற்பது இயல்பு. விற்கப்படும் பங்குகளில் பெரும்பகுதி அவர்களுடையது என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

பிறகு, நிறுவனத்துக்கும் அதன் நிர்வாகிகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் வீவொர்க் 2019 ஆகஸ்டில் தாக்கல் செய்த அறிக்கையில், தலைமை நிர்வாகிக்குச் சொந்தமான கட்டடங்களை நிறுவனமே வாடகைக்கு எடுத்திருந்த விவரம் இருந்தது. 'வீ' என்ற பெயருரிமைக்கு அவர் சம்பந்தப்பட்ட அமைப்புக்கு 59 லட்சம் டாலர் மதிப்பில் ஈடு கொடுத்ததும் அதில் இருந்தது. 4,700 கோடி டாலர் அளவுக்கு எதிர்கால வாடகைப் பொறுப்பும் இருந்தது. எதையும் யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை; எல்லாம் அறிக்கையிலேயே அச்சாகியிருந்தது. அடுத்த மாதமே அந்த ஐபிஓ கைவிடப்பட்டது.

ஆபத்துகளைப் பட்டியலிடும் பகுதி நீளமானது. "பொருளாதாரம் மந்தமானால் பாதிப்பு வரலாம்" போன்ற வரிகள் எல்லா நிறுவனத்துக்கும் பொது, தாண்டிவிடுங்கள். பெயரோ எண்ணோ வரும் வரியில் நில்லுங்கள். 2025 மார்ச்சில் பட்டியலான கோர்வீவ், அதற்கு முந்தைய ஆண்டின் வருவாயில் 62 சதவீதம் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்ததாக அறிக்கையில் சொல்லியிருந்தது. கணக்குக் கட்டுப்பாட்டில் கணிசமான குறைபாடு இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொள்ளும் வரியும் இந்தப் பகுதியில்தான் இருக்கும். இளம் நிறுவனங்களில் அது அபூர்வமல்ல. ஆனால் வருவாயைக் கணக்கில் எடுக்கும் முறையிலேயே குறைபாடு என்றால் நான் தள்ளிப்போடவே சொல்வேன்.

படி 3: வளர்ச்சி, லாப வரம்பு, பணக் கரைவு

ஆண்டு வளர்ச்சி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் கடந்த எட்டுக் காலாண்டுகளின் வருவாய் இருந்தால், ஒவ்வொன்றையும் முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். 62, 58, 51, 43 சதவீதம் என்று வந்தால், விளம்பரத்தில் "50 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி" என்று இருக்கும். நீங்கள் வாங்குவதோ 43-க்கு வந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது பட்டியலாவதே நிறுவனங்களுக்கு லாபம் என்பதால், இந்த இறங்குமுகம் அடிக்கடி தென்படும்.

மொத்த லாப வரம்பு, அதாவது பொருளையோ சேவையையோ தருவதற்கான நேரடிச் செலவு போக வருவாயில் மிஞ்சும் சதவீதம், அடுத்தது. நல்ல மென்பொருள் நிறுவனத்துக்கு 70 முதல் 80 சதவீதம் இருக்கும். தன்னை மென்பொருள் நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு 40 சதவீதம் காட்டினால், உள்ளே வன்பொருளோ ஆள்பலச் சேவையோ விநியோகமோ இருக்கிறது. அது தவறில்லை. ஆனால் மென்பொருளுக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சந்தா முறையில் விற்பவர்கள் "நிகர வருவாய்த் தக்கவைப்பு" என்ற விகிதம் தருவார்கள். போன ஆண்டு 100 ரூபாய் கொடுத்த அதே வாடிக்கையாளர்கள் இந்த ஆண்டு 120 கொடுத்தால் 120 சதவீதம். புது வாடிக்கையாளர் இதில் வர மாட்டார்கள். 100-க்குக் கீழே போனால் பழைய வாடிக்கையாளர்கள் குறைத்துக்கொள்கிறார்கள் அல்லது விலகுகிறார்கள். இந்த விகிதத்தை நிறுவனம் எப்படி வரையறுக்கிறது என்ற அடிக்குறிப்பைப் படியுங்கள். விலகிப்போனவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு விகிதம் காட்டினால் அதற்கு மதிப்பில்லை.

வருவாய் என்ற சொல்லையே சோதிக்க வேண்டிய நேரங்களும் உண்டு. கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்களை விற்கும் குரூப்பான் 2011-ல் முதலில் தாக்கல் செய்த அறிக்கையில் 2010-ன் வருவாய் சுமார் 71 கோடி டாலர். கடைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையும் அதில் இருந்தது. திருத்திய அறிக்கையில் அதே ஆண்டின் வருவாய் சுமார் 31 கோடி டாலர் ஆனது. இடைத்தரகராக இயங்கும் எந்தத் தளத்திலும், எண் மொத்தப் பரிவர்த்தனையா, தளத்தின் கையில் நிற்கும் கட்டணமா என்று பாருங்கள்.

லாபத்தில் முக்கியமான சிக்கல் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளம். "சரிசெய்யப்பட்ட லாபம்" என்று நிறுவனம் காட்டும் எண்ணில் இதைச் செலவாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அந்தச் செலவை ஏற்பது நீங்கள்தான்: ஒவ்வொரு புதுப் பங்கும் உங்கள் பங்கின் மதிப்பைக் கரைக்கிறது. ஸ்னாப் 2017 மார்ச்சில் பட்டியலானது. அந்த ஒரே காலாண்டில் பங்குச் சம்பளமாக மட்டும் சுமார் 200 கோடி டாலர் செலவு பதிவாகி, நஷ்டம் 220 கோடி டாலரானது. ஐபிஓவோடு ஊழியர்களின் பங்குகள் கைக்கு வந்ததுதான் காரணம். முதல் காலாண்டு முடிவைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்க வேண்டுமானால், இப்படி ஒரே தடவை வரும் செலவு எவ்வளவு என்று அறிக்கையிலேயே தேடிக் குறித்து வையுங்கள். அதை விலக்கிப் பார்த்தபின்னும், ஆண்டுதோறும் வரும் பங்குச் சம்பளம் வருவாயில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை.

கடைசியாக, பணம் எத்தனை நாள் தாங்கும்? பணப்புழக்க அறிக்கையில் செயல்பாட்டில் வெளியேறும் பணத்தோடு மூலதனச் செலவைக் கூட்டுங்கள். ஐபிஓவுக்குப் பிறகு கையில் இருக்கும் பணத்தை அதால் வகுங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வந்தால், சீக்கிரமே மறுபடி பங்கு விற்கவோ கடன் வாங்கவோ வருவார்கள்.

படி 4: விலையைத் தலைகீழாகக் கணக்கிடுங்கள்

இதை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஐபிஓ விலை 30 டாலர். அறிக்கையின்படி 10 கோடி பங்குகள். செய்தியில் "300 கோடி டாலர் மதிப்பு" என்று வரும். ஆனால் சேர்க்காமல் விட்ட பட்டியலில் 1 கோடி ஆர்எஸ்யூவும், 10 டாலர் விலையில் 1.5 கோடி ஆப்ஷன்களும் இருக்கின்றன. ஆப்ஷன் வைத்திருப்பவர்கள் கொடுக்கும் 15 கோடி டாலரை வைத்து 30 டாலர் விலையில் அரைக் கோடிப் பங்குகளை நிறுவனம் திரும்ப வாங்கலாம் என்று கொண்டால், நிகரமாக 1 கோடி கூடும். ஆக மொத்தம் 12 கோடி பங்குகள், 360 கோடி டாலர். கையில் இருக்கும் 60 கோடிப் பணத்தைக் கழித்தால் தொழிலின் விலை 300 கோடி. கடந்த 12 மாத வருவாய் 30 கோடி என்றால், வருவாயைப்போல் 10 மடங்கு.

அதே பங்கு முதல் நாள் 48-ல் தொடங்குகிறது. ஆப்ஷன் கணக்கு சற்று மாறிப் பங்குகள் சுமார் 12.2 கோடி, மதிப்பு 585 கோடி, பணம் போக 525 கோடி. இப்போது 17.5 மடங்கு.

உங்களுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வருமானம் வேண்டும் என்று வையுங்கள். ஐந்து ஆண்டில் பணம் 1.76 மடங்காக வேண்டும். 48 டாலர் 84.6 ஆக வேண்டும். பங்கு எண்ணிக்கை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடி 14.1 கோடியாகிறது. எனவே தேவைப்படும் சந்தை மதிப்பு சுமார் 1,200 கோடி. வளர்ச்சி நிதானமானபின் சந்தை வருவாயைப்போல் 6 மடங்குதான் தரும் என்று கொண்டால், வருவாய் 200 கோடியாக இருக்க வேண்டும். 30 கோடியிலிருந்து 200 கோடிக்குப் போக ஐந்து ஆண்டும் சராசரியாக 46 சதவீத வளர்ச்சி தேவை. 30 டாலரில் கிடைத்தவருக்கு இதே கணக்கில் 32 சதவீதம் போதும்.

நிறுவனம் இப்போது 43 சதவீதத்தில் வளர்ந்து, அதுவும் குறைந்துகொண்டு வருகிறது என்றால், 48 டாலருக்கு என்ன பதில் என்பது இதிலேயே தெரிந்துவிடும். அந்த 6 மடங்கைக் கற்பனையாக எடுக்காதீர்கள். ஏற்கெனவே பட்டியலான, நிதானமான வேகத்தில் வளரும் நாலைந்து ஒத்த நிறுவனங்கள் என்ன மடங்கில் விற்கின்றன என்று பார்த்து எடுங்கள்.

படி 5: பங்குகள் எப்போது கொட்டும்?

புதுப் பங்கில் முதல் மாதங்களின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் வரத்துதான். சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் 2023 செப்டம்பரில் 51 டாலரில் வந்தபோது சந்தைக்கு வந்தது சுமார் 10 சதவீதம் மட்டுமே. மீதி அதன் உரிமையாளரான சாஃப்ட்பேங்கிடம் இருந்தது. கொஞ்சமே புழங்கும்போது சின்ன ஆர்வம்கூட விலையைத் தூக்கிவிடும்.

உள்ளிருப்பவர்கள் பெரும்பாலும் 180 நாள்கள் விற்க முடியாது. இதை லாக்-அப் என்கிறார்கள். ஆனால் 180 என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். காலாண்டு முடிவு வந்ததும் ஒரு பகுதி, விலை குறிப்பிட்ட அளவு உயர்ந்தால் ஒரு பகுதி எனத் தவணையாகத் திறப்பது இப்போது அதிகம். "எதிர்காலத்தில் விற்கத் தகுதியான பங்குகள்" என்ற தலைப்பில் தேதிகளும் எண்ணிக்கையும் இருக்கும். அவற்றை நாள்காட்டியில் எழுதுங்கள். பக்கத்தில், இப்போது புழங்கும் பங்குகளைப்போல் அது எத்தனை மடங்கு என்றும் எழுதுங்கள்.

ட்விட்டரின் லாக்-அப் என்ற பூட்டு 2014 மே 6 அன்று திறந்தபோது பங்கு ஒரே நாளில் சுமார் 18 சதவீதம் விழுந்தது. ஃபேஸ்புக்கில் கதை வேறு. 2012 ஆகஸ்டில் முதல் தவணை திறந்தபோது விழுந்தது. நவம்பர் 14 அன்று சுமார் 80 கோடி பங்குகள் ஒரே நாளில் திறந்தபோதோ, 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எல்லோரும் முன்கூட்டியே பயந்து விற்றுவிட்டிருந்தார்கள். ஆகவே பூட்டு திறக்கும் நாளை வைத்துச் சூதாட வேண்டாம். அந்த நாள் *கடக்கும்வரை* முழுத் தொகையையும் போடாமல் இருப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

முதல் 30 நாள்களில் விலைக்கு ஒரு தாங்கலும் உண்டு. முதலீட்டு வங்கிகள் ஐபிஓ அளவுக்கு மேல் 15 சதவீதம்வரை கூடுதலாக விற்றிருக்கும். விலை இறங்கினால் அந்தப் பங்குகளைச் சந்தையிலிருந்து வாங்கி நிறுத்தலாம். ஃபேஸ்புக் முதல் நாள் 38 டாலர் ஐபிஓ விலைக்குக் கீழே போகாமல் 38.23-ல் முடிந்ததற்கு இப்படிப்பட்ட வாங்குதல் ஒரு காரணம். செப்டம்பரில் அது 17.55-ஐத் தொட்டது.

படி 6: காத்திருப்பதற்கு ஓர் அட்டவணை

ஐபிஓவை நடத்திய வங்கிகளின் ஆய்வாளர்கள் வழக்கமாக 25 நாள் கழித்தே அறிக்கை எழுதுவார்கள். பெரும்பாலும் "வாங்கலாம்" என்றுதான் வரும். அதில் கணிப்பு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பரிந்துரையை விட்டுவிடலாம். உண்மையான முதல் பரீட்சை முதல் காலாண்டு முடிவு. பட்டியலாகும்போது அந்தக் காலாண்டு பெரும்பாலும் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், ஆகவே அதில் அடி வாங்குவது அரிது. இரண்டாவது காலாண்டுதான் நிர்வாகத்தின் வாக்குறுதியைச் சோதிக்கும். அது லாக்-அப் முடியும் சமயத்தை ஒட்டியே வரும்.

வாங்க நினைக்கும் தொகையை மூன்றாகப் பிரித்து, முதல் காலாண்டு முடிவுக்குப் பின் ஒரு பகுதியும், லாக்-அப் திறந்தபின் ஒரு பகுதியும், இரண்டாவது முடிவுக்குப் பின் ஒரு பகுதியும் போடுவதே என் பரிந்துரை. படி 4-ன் கணக்கில் நியாயமாகத் தெரியும் விலைக்கு மேல் இருந்தால் அந்தத் தவணையைத் தவறவிடுங்கள். காத்திருந்தால் வண்டி போய்விடும் என்ற பயம் நியாயமானது. கூகுள் 2004 ஆகஸ்டில் 85 டாலரில் வந்து, ஆறே மாதத்தில் இரு மடங்கைத் தாண்டியது. 85-க்குத் திரும்பவே இல்லை. ஆனால் ஆறு மாதம் பொறுத்து அந்த இரு மடங்கு விலையில் வாங்கியவரும் அடுத்த பத்தாண்டில் நன்றாகவே சம்பாதித்தார். உண்மையிலேயே சிறந்த நிறுவனத்தில் காத்திருப்பின் விலை இவ்வளவுதான். மற்றவற்றில் காத்திருப்பு போட்ட பணத்தைக் காப்பாற்றுகிறது.

ஐபிஓ நடத்தாமல் பழைய பங்குகளோடு நேராகச் சந்தைக்கு வரும் நேரடிப் பட்டியலில், அதாவது 2018-ல் ஸ்பாட்டிஃபை, 2021-ல் காயின்பேஸ் வந்த வழியில், ஐபிஓ விலையும் கிடையாது, வழக்கமான லாக்-அப்பும் பெரும்பாலும் கிடையாது. "குறிப்பு விலை" என்று வெளியிடும் எண்ணில் யாரும் வாங்கவில்லை. காயின்பேஸுக்கு அது 250. முதல் வர்த்தகம் 381. அதை மலிவின் அளவுகோலாக எடுக்காதீர்கள். ஸ்பாக் வழியில், அதாவது வேறொரு நிறுவனத்தோடு இணைவதற்கென்றே ஏற்கெனவே பட்டியலான வெற்று நிறுவனத்தின் வழியில், வருபவை இன்னும் சிக்கலானவை. 10 டாலர் பங்கு என்று சொன்னாலும், அமைப்பாளருக்குப் போகும் இலவசப் பங்குகளும் வாரண்டுகளும் (பின்னால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டுகள்) கழிந்து, ஒரு பங்குக்குப் பின்னால் நிற்கும் பணம் அதைவிடக் குறைவாக இருக்கும். இணைப்பு முடிந்தபின் வரும் பங்கு எண்ணிக்கையைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

படி 7: எவ்வளவு, எப்போது வெளியே?

ஒரு புதுப் பங்கில் மொத்த முதலீட்டில் 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நல்ல நிறுவனங்கள்கூட 60 சதவீதம் விழுந்திருக்கின்றன. 2 சதவீதம் வைத்திருந்தால் அது மொத்தத்தில் 1.2 சதவீத இழப்பு, தூக்கம் கெடாது. 20 சதவீதம் வைத்திருந்தால் அடிமட்டத்தில் பயந்து விற்கத் தோன்றும்.

ஓட்டுரிமையையும் இந்த இடத்தில் பாருங்கள். நிறுவனர் பங்குக்கு 10 ஓட்டு, உங்கள் பங்குக்கு 1 என்பது தொழில்நுட்ப நிறுவனங்களில் சகஜம். ஸ்னாப் பொதுமக்களுக்கு விற்ற பங்குக்கு ஓட்டே இல்லை. நிர்வாகம் வழி தவறினால் உங்களால் செய்ய முடிந்தது விற்பது மட்டும்தான். ஆகவே எந்தச் சூழலில் விற்பீர்கள் என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். விலையை வைத்து எழுதாதீர்கள், தொழிலை வைத்து எழுதுங்கள். நிகரத் தக்கவைப்பு தொடர்ந்து இரண்டு காலாண்டு குறைந்தால், ஒரு முக்கிய விகிதத்தை வெளியிடுவதை நிறுத்தினால் அல்லது அதன் வரையறையை மாற்றினால், நிதித் தலைவர் முதல் ஆண்டிலேயே விலகினால், பங்கு எண்ணிக்கை ஆண்டில் 5 சதவீதத்துக்கு மேல் கூடினால் என்று நான்கைந்து வரிகள் போதும்.

கடைசி எண்ணைச் சரிபார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். 10-கியூ என்ற காலாண்டு அறிக்கையின் அட்டைப் பக்கத்தில், இந்தத் தேதியில் இத்தனை பங்குகள் நிலுவையில் உள்ளன என்று ஒரு வரி இருக்கும். இரண்டு வகைப் பங்குகள் இருந்தால் இரண்டையும் கூட்டி, போன காலாண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.